மிஸ்ஸி வீட்டுப் பிள்ளை

றிஸானாவுக்குப் பெண் பிள்ளை பிறந்த செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து கிராமத்துக்கு வந்து சேர அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவள் பிள்ளையோடு வீடு திரும்புவதற்கு முன்பே யார் யார் எந்த நாளில் பார்க்கப் போவது என்று பெண்கள் தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். அவள் அந்த ஊருக்கு வெறும் றிஸானா அல்ல, மிஸ்ஸி.

மன்னார்த் தீவின் அந்தக் கரையோரக் கிராமத்தில் ஒன்பது வருடங்களாக அவள்தான் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணிகளைப் பதிவது, பிறந்த பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, நிறுப்பது, தடுப்பூசி நாளில் வராமல் ஒளிக்கும் தாய்மாரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவள் வேலை. ஸ்கூட்டியின் கைபிடியில் தொங்கு தராசு ஆடிக்கொண்டு வரும். அந்தத் தராசைத் தெருமுனையில் கண்டதுமே வீட்டுக்குள் சில போத்தல்கள் அலுமாரிக்குள் போய்விடும். பிறந்த பிள்ளைக்குச் சீனித்தண்ணி பருக்கிக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து அவள் கரண்டியையே கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஒரு கதை உண்டு. அது உண்மைதான். கரண்டியை மறுநாள் திருப்பிக் கொடுத்தாள்.

அவளுடைய கணவன் மர்சூக் கரையில் நண்டு வாங்குகிறவன். விடிந்ததும் வள்ளங்கள் வந்தடையும் இடத்தில், ஓலைக் கொட்டிலின் கீழ், ஒரு டிஜிட்டல் தராசும் நாலு ஐஸ் பெட்டியுமாக நிற்பான். வலையிலிருந்து கழற்றிய நீலக்கால் நண்டுகளைத் தரம் பிரித்து, நிறுத்து, ஐஸ் போட்டு ஒன்பது மணி லொறியில் ஏற்றிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. கலியாணம் முடித்து ஆறு வருடங்கள் இருவருமாகத்தான் இருந்தார்கள். ஏழாவது வருடத்தில், சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஆடி மாதத்தில், இரண்டு கிலோ எழுநூற்றி இருபது கிராமில் மகள் வந்து சேர்ந்தாள்.

பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்க வேண்டிய றிஸானாவின் உம்மா புத்தளத்தில் இருந்தார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போன குடும்பம். றிஸானா மட்டும் வேலை கிடைத்துத் திரும்பி வந்தவள். உம்மா பயணப் பையைக் கட்டி வைத்துவிட்டு, இரண்டு கிழமைக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, முழங்கால்வரை பிளாஸ்டரோடு கட்டிலில் கிடந்தார். மர்சூக்கின் உம்மா மவுத்தாகிப் பல வருடம். யாரையாவது துணைக்குக் கூப்பிடுவோமா என்று அவன் கேட்டபோது, முந்நூறு தாய்மாரைப் பார்த்தவளுக்குத் தன் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாதா என்று றிஸானா திருப்பிக் கேட்டாள். அவனும் அதைச் சரியென்றே நினைத்தான்.

பெயர் வைப்பதை மர்சூக்குக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். அவன் உம்மு குல்சூம் என்றான். ரசூலுல்லாஹ்வின் மகளுடைய பெயர். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசையாம். இந்த எடைக்கு இவ்வளவு பாரமான பெயரா என்று றிஸானா சிரித்தாள். பெயர் பதிவில் முழுதாக இருக்கட்டும், வீட்டில் குல்சு என்று முடிவானது. ஏழாம் நாள் தலைமுடி இறக்கினார்கள். முடியின் எடைக்கு வெள்ளியை ஏழைகளுக்குச் சதக்கா கொடுக்க வேண்டும் என்பதால் மர்சூக் அதைத் தன் நண்டுத் தராசில் வைத்துப் பார்த்தான். தராசு பூச்சியம் காட்டியது. இன்னொரு தரம் வைத்தான், அதே பூச்சியம். கடைசியில் டவுனில் நகைக்கடைக்காரரிடம்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

வீட்டு வேலை முழுவதும் அவன் தலையில் விழுந்தது. காலையில் தேத்தண்ணி போட்டு மனைவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரைக்குப் போவான். ஒன்பதரைக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போக வேண்டும் என்பது சட்டம். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கையை நீட்டினால் றிஸானா மோந்து பார்ப்பாள். இன்னும் நண்டு மணக்கிறது என்றால் நாலாம் தரம். அதற்குப் பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். கொழுத்த நண்டுகள் நாள்தோறும் கைவழியாகப் போனாலும் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை. பிள்ளை பெற்றவள் நண்டு தின்னக் கூடாது என்று உம்மா புத்தளத்திலிருந்து உத்தரவு போட்டிருந்தார். அதெல்லாம் சும்மா கதை, எதையும் சாப்பிடலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்த றிஸானா, உம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

உம்மா சமையலையும் போனில்தான் நடத்தினார். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மர்சூக் பத்தியக் கறி வைப்பான். மல்லி, மிளகு, சீரகம், உள்ளிப்பூடு என்று ஒவ்வொன்றையும் கமராவுக்குக் காட்ட வேண்டும். உள்ளி போதாது என்று அங்கிருந்து குரல் வரும். முதல் நாள் கறி கறுப்பாக வந்தது. நாலாம் நாள் றிஸானா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அன்று மர்சூக் கறிச்சட்டியைப் படமெடுத்துப் புத்தளத்துக்கு அனுப்பினான்.

துணி தோய்ப்பது இன்னொரு சங்கதி. பிள்ளையின் சின்னத் துணிகளைக் கொடியில் போட்டால் சோளகம் அரை மணித்தியாலத்தில் காயவைத்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் பக்கத்து வளவுக்குக் கொண்டுபோய்விடும். ஒருநாள் அவன் இரண்டு துணி குறைகிறது என்று தேடிப் போனபோது, தெருவில் நின்ற கழுதை ஒன்று பூப்போட்ட துணியொன்றை அமைதியாக மென்றுகொண்டிருந்தது. மற்றதை ஏற்கனவே முடித்திருந்தது. அதற்குப் பிறகு கொடியை உயர்த்திக் கட்டினான்.

பார்க்க வந்த பெண்கள் முதலில் பிள்ளையைப் பார்த்தார்கள். பிறகு வீட்டைப் பார்த்தார்கள். பிள்ளைக்குத் தலையணை வைத்திருக்கிறதா, கண்ணில் மை தீட்டியிருக்கிறதா, பவுடர் டப்பா எங்காவது தெரிகிறதா, மிஸ்ஸி தங்களுக்குக் கூடாதென்று சொன்னதெல்லாம் இங்கே இருக்கிறதா என்று அவர்கள் கண்கள் மெல்லச் சுற்றிவந்தன. இரண்டு வருடத்துக்கு முன் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சலம் போகுது, மிஸ்ஸி?" என்று கேட்டாள். குரல்கூட றிஸானாவின் குரல் மாதிரியே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். றிஸானாவும் சிரித்துக்கொண்டே ஆறு தரம் என்றாள்.

எட்டாம் நாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போய், அங்கே றாக்கையில் வயிற்றுக்குத்துக்குப் பருக்கும் ஒரு கிறைப் வோட்டர் போத்தலைக் கண்டுவிட்டாள். பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறதே என்று மர்சூக் பார்மசியில் வாங்கி வைத்தது. பெட்டியைக்கூடப் பிரித்திருக்கவில்லை. ஆனாலும் அஸர் தொழுகைக்குள் செய்தி ஊர் முழுவதும் போய்விட்டது. ஊரெல்லாம் வேண்டாமென்று தடுக்கும் மிஸ்ஸி வீட்டிலேயே கிறைப் வோட்டர். பெட்டி பிரிக்காததைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

வேறொரு நேரமாக இருந்தால் றிஸானா இதற்கும் சிரித்திருப்பாள். அன்று அவளால் முடியவில்லை. பிள்ளை ஏன் அழுதுகொண்டே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பால் கொடுக்கும்போது அவளுக்கு நொந்தது. கொஞ்ச நோவல்ல, பிள்ளை வாய் வைத்ததும் கண்ணை இறுக மூடி இருபதுவரை எண்ண வேண்டியிருந்த நோவு. முதல் மூன்று நாளைக்கு நோகும், பிறகு சரியாகிவிடும் என்று அவள் நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். நாலாம் நாளும் நொந்தது. ஏழாம் நாள் மார்க்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பிள்ளை அழத் தொடங்கினாலே அவளுடைய தோள்கள் தானாகக் காதுவரை உயர்ந்துவிடும். பிள்ளையை எப்படிப் பிடிப்பது, வாய் எவ்வளவு திறக்க வேண்டும், நாடி எங்கே முட்ட வேண்டும் என்றெல்லாம் கிளினிக் சுவரில் படம் வரைந்து ஒட்டியதே அவள்தான். அந்தப் படத்தில் இருந்தபடியேதான் எல்லாம் செய்தாள். பிள்ளை இரண்டு தரம் இழுத்துவிட்டு, வாயை எடுத்து, முகம் சிவக்க அழுதது. ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் இதை யாரிடம் போய்க் கேட்பது?

அவள் லீவில் இருந்தபோது அவளுக்குப் பதிலாக அந்தப் பகுதியைப் பார்த்தவள் கீர்த்திகா, முருங்கன் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். எதையும் பதிவேட்டில் உள்ளபடி வரிசையாகக் கேட்பாள். ஐந்தாம் நாள் வந்து நிறுத்தபோது இரண்டு கிலோ ஐந்நூற்றி இருபது. முதல் கிழமையில் குறைவது வழமைதானே என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள். பத்தாம் நாள் ஐந்நூற்றிப் பத்து. கூடியிருக்க வேண்டிய நாளில் குறைந்திருந்தது. கீர்த்திகா பேனையை எடுத்துப் பிள்ளையின் எடைக் கொப்பியில் புள்ளி வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, பால் குடிக்கிறதை ஒருக்காப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

இப்போதுதான் குடித்துவிட்டுப் படுத்தாள் என்றாள் றிஸானா. அது பொய். கீர்த்திகா அதற்கு மேல் கேட்கவில்லை. பதினாலாம் நாள் வருவதாகவும், அப்போதும் எடை கூடாவிட்டால் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளையை நாள்தோறும் நிறுக்கக் கூடாது, தாய்க்கு மண்டை குழம்பிவிடும் என்பது றிஸானா எல்லா வீட்டிலும் சொல்லும் விதி. மர்சூக் ஆசைப்பட்டுக் கேட்டபோதும் அதையே சொல்லித் தடுத்திருந்தாள். பதினோராம் நாள் காலையில் அவன் புறப்படும்போது, வரும்போது நண்டுத் தராசைக் கொண்டுவரச் சொன்னாள். அவளுடைய தொங்கு தராசு லீவோடு கீர்த்திகாவிடம் போயிருந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கரையிலிருந்து வந்ததும் தராசைச் சுடுதண்ணியில் துடைத்து, டெட்டோல் போட்டு, வெயிலில் வைத்து, துவாய் விரித்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து பிள்ளையைக் கிடத்தினான். இரண்டு கிலோ ஐந்நூற்றி ஐந்து. அவன் தராசின் சுவிச்சை அணைத்தான்.

"காத்துக்குத் தராசு ஆடுது," என்றான்.

கதவும் யன்னலும் பூட்டிக் கிடந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவன் சொல்ல, பதினாலாம் நாள்வரை பொறுப்போம் என்று அவள் சொல்ல, கொஞ்ச நேரத்தில் அது சண்டையாக மாறியது. பிள்ளை பிறந்த பிறகு அவர்களுக்குள் வந்த முதல் சண்டை. பிறந்த எடையில் நூற்றுக்குப் பத்து வீதம் குறையாதவரை பயமில்லை, சலம் சரியாகப் போகிறது, காய்ச்சல் இல்லை என்று அவள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவன் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னான்:

"நீ மிஸ்ஸியா நிண்டு கதைக்காத, றிஸானா. பிள்ளைட உம்மாவா நிண்டு சொல்லு. என்ன நடக்குது?"

அவன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் மேலும் கீழும் நடந்தான்.

அன்று பின்னேரந்தான் றிப்கா வந்தாள். கடற்தொழிலாளி ஒருவரின் மனைவி, நாலு பிள்ளைகளின் தாய். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய மூன்றாவது மகனின் எடை கொப்பியில் குறைவைக் காட்டும் செம்மஞ்சள் நிறத்துக்கு இறங்கியபோது, கிளினிக்கில் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் றிஸானா அவளை ஏசியிருந்தாள். பிள்ளையைப் பார்க்க நேரமில்லாதவர்கள் ஏன் பெறுகிறீர்கள் என்றுகூடக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து றிப்கா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். இன்று ஒரு பையில் பால்சுறா கொண்டுவந்திருந்தாள். பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மீன். அதை மர்சூக்கிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். இன்றைக்குப் பார்த்து இவளா வர வேண்டும் என்று றிஸானா நினைத்தாள்.

பிள்ளை எழும்பி அழுதது. இந்த முறை சாட்டுச் சொல்ல வழியிருக்கவில்லை. றிஸானா பிள்ளையை எடுத்து மார்பில் சேர்த்தாள். தோள்கள் உயர்ந்தன, கண் தானாக மூடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினாள். கண்ணைத் திறந்தபோது றிப்கா பிள்ளையைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோகுதா, மிஸ்ஸி?"

றிஸானா ஓம் என்று தலையாட்டினாள். பிறகு அழுதாள். பத்து நாளாக அடக்கி வைத்த அழுகை சத்தமில்லாமல் வந்து பிள்ளையின் மொட்டைத் தலையில் சொட்டியது. றிப்கா எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"நான் நாலு பெத்தன். ஒருத்தருமே என்னட்ட இதைக் கேக்கேல்ல," என்றாள். அவள் குரலில் குறை சொல்வது போல் எதுவும் இருக்கவில்லை.

பிறகு அவள் விறாந்தையில் கிடந்த மர்சூக்கின் சாய்மனைக் கதிரையைக் கேட்டு வாங்கினாள். றிஸானாவை அதில் சாய வைத்து, இரண்டு முழங்கைக்கும் கீழே தலையணை சொருகினாள். பிள்ளையின் துணியைக் களைந்து, தாயின் நெஞ்சுக்கு நடுவே குப்புறக் கிடத்தினாள். றிஸானாவின் கை பழக்கத்தில் பிள்ளையின் தலையைப் பிடிக்கப் போனது. றிப்கா அந்தக் கையை எடுத்துத் தலையணையில் வைத்தாள்.

"நீங்க குடுக்கப் பாக்குறீங்க. விடுங்கோ. அவ வந்து எடுக்கட்டும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. றிப்கா அவசரப்படவில்லை, கடலில் காற்று எப்படியிருக்கிறது, பள்ளிவாசலடியில் புதிதாக யார் கடை போட்டிருக்கிறார்கள் என்று வேறு கதைகள் பேசினாள். அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கையில் றிஸானாவின் தோள்கள் மெல்ல இறங்கின. குல்சு தலையை ஆட்டி ஆட்டி, நெஞ்சில் முகத்தைத் தேய்த்து, ஒரு பக்கமாக நகர்ந்தாள். நின்றாள். மறுபடி நகர்ந்தாள். பிறகு, கொட்டாவி விடுவது போல வாயை முழுதாகத் திறந்து கவ்வினாள்.

முதலில் சுரீர் என்றது. றிஸானா எண்ணத் தொடங்கி ஆறுக்கு வந்தபோது நோவு நின்றிருந்தது. அறையில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பிள்ளை மிடறு மிடறாக விழுங்கும் சத்தம். கால் மணித்தியாலத்துக்குப் பிறகு குல்சு தானாக வாயை விட்டு, கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். பிறந்த பிறகு அவள் இப்படித் தூங்கி றிஸானா பார்த்ததில்லை.

"அண்டைக்குக் கிளினிக்கில..." என்று றிஸானா தொடங்கினாள்.

"அவன் இப்ப ஒரு தட்டுப் புட்டைத் தனிய முடிக்கிறான், மிஸ்ஸி," என்று றிப்கா அதை அங்கேயே முடித்துவிட்டாள். போகும்போது குசினியை எட்டிப் பார்த்து, சுறாவை அவித்து முள்ளெடுத்து, உள்ளி தாராளமாகப் போட்டு வறை வைக்கும்படி மர்சூக்கிடம் சொன்னாள். அன்று போனில் உம்மா சொல்ல வந்ததற்கெல்லாம் மர்சூக், எல்லாம் தெரியும் என்றே பதில் சொன்னான்.

றிப்கா அடுத்த ஐந்து நாளும் நாலு மணிக்கு வந்தாள். மூன்றாம் நாளிலிருந்து அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இரண்டு பெண்களும் தேத்தண்ணி குடித்துக் கதைத்துக்கொண்டிருக்க, பிள்ளை தன் பாட்டில் குடித்தது. காயமும் மெல்ல ஆறியது. பதினாலாம் நாள் கீர்த்திகா வந்து நிறுத்தாள். இரண்டு கிலோ அறுநூறு. அவள் புள்ளி வைத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பத்தாம் நாள் தான் பொய் சொன்னதை றிஸானா அவளிடம் சொன்னாள்.

"எனக்கு விளங்கினது, அக்கா," என்றாள் கீர்த்திகா. "உங்களிட்டத் திருப்பிக் கேக்கத்தான் பயமா இருந்தது."

"இனிப் பயப்பிடாமக் கேளும்," என்றாள் றிஸானா. "ஆரா இருந்தாலும் கேளும்."

இருபத்தோராம் நாள் இரண்டு கிலோ எண்ணூற்றி நாற்பது. மர்சூக் பிள்ளையின் கன்னத்தையும் துடையையும் தொட்டுப் பார்த்து, நண்டைத் தரம் பிரிக்கும் முகத்தோடு, இனி இவள் முதலாந்தரம் என்று அறிவித்தான். அதோடு நண்டுத் தராசு வீட்டுக்கு வருவதும் நின்றது. வேலைக்குத் திரும்பிய பிறகு றிஸானா ஒரு வீட்டில் தராசை எடுக்க முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காரப் பழகிக்கொண்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். சீனித்தண்ணி விஷயத்தில் மட்டும் அவள் மாறவேயில்லை.

நாற்பது நாள் முடிந்ததும் பிள்ளையை உம்மாவுக்குக் காட்ட இருவரும் புத்தளத்துக்குப் புறப்பட்டார்கள். ஒரு நாள் பயணத்துக்கு மூன்று பைகள். ஒன்று முழுவதும் துணி. பஸ்ஸில் பிள்ளை அழுதால் என்ன செய்வது என்பதற்கு றிஸானா நாலு வழி யோசித்து வைத்திருந்தாள். பஸ் தீவின் பாலத்தைத் தாண்டும்போதே இரண்டு பக்கத்துக் கடல்காற்றும் யன்னலால் வந்து மோத, குல்சு தூங்கிப்போனாள். முருங்கனில் பஸ் நின்று ஆட்கள் நெல் மூட்டைகளோடு ஏறி இறங்கிய இரைச்சலுக்கும் எழும்பவில்லை. மர்சூக் மனைவியைத் தூங்கச் சொன்னான், தான் பார்த்துக்கொள்வதாக. அவள் அவனைத் தூங்கச் சொன்னாள். இருவரும் ஒருவரை ஒருவர் காவலுக்கு நம்பிக்கொண்டு ஒரே நேரத்தில் தூங்கினார்கள்.

தோளைத் தட்டி எழுப்பியது கொண்டக்டர். பஸ் காலியாக நின்றது. வெளியே புத்தளம் பஸ் நிலையம்.

"அண்ணே, இறங்குற எண்ணம் இல்லையா?" என்றார் அவர். "பிள்ளை எழும்பி அரை மணித்தியாலம். நீங்க ரெண்டு பேருந்தான் நித்திரை."

குல்சு றிஸானாவின் மடியில் விழித்தபடி கிடந்து, பஸ்ஸின் கூரையில் ஆடிய மணிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாளில் முதல் தடவையாக இருவரும் நாலு மணித்தியாலம் தொடர்ந்து தூங்கியிருந்தார்கள். மர்சூக் மூன்று பைகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கி, பிள்ளைக்காகக் கையை நீட்டினான்.